ரெஃபரல் குழுவுக்கு விதி எழுதுகிறேன்: ஏழு லீவு போட்டவரை என்ன செய்வது?

பம்புசெட்_ஈரோடு | வியாழன் காலை 10:52

வணக்கம். ஈரோட்டில் மோட்டார், பம்புசெட் கடை வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக 31 பேர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைச் சொல்லிவிடும் ஒரு ரெஃபரல் குழு நடத்துகிறோம். எந்தப் பெரிய அமைப்பின் கிளையும் கிடையாது, நாங்களே தொடங்கியது. வியாழக்கிழமைதோறும் காலை 7 மணிக்குப் பெருந்துறை ரோட்டில் ஒரு ஓட்டல் ஹாலில் கூடி எட்டரைக்கு முடித்துவிடுவோம். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஆண்டுச் சந்தா 12,000. டிபன் தனி, தலைக்கு 180.

எழுதி வைத்த விதி எதுவும் இதுவரை இல்லை. எல்லாம் நம்ம ஆளுங்கதானே என்று விட்டுவிட்டோம். இன்றைக்கு அது வெடித்தது. குறைந்தது 30 தட்டு என்ற கணக்கில்தான் ஓட்டல்காரர் வாடகை வாங்காமல் ஹால் தருகிறார். இன்று வந்தது 21 பேர். மிச்சம் 9 தட்டுக்கு 1,620 ரூபாய் பொதுப் பணத்தில் போனது. பொங்கலைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வந்து கடைப் பையன்களுக்குக் கொடுத்தேன்.

வராதவர்களில் ஒருவர் கேட்டரிங் செய்பவர். ஆறு மாதத்தில் இது ஏழாவது லீவு. தங்கமான மனிதர், சமையலும் அப்படித்தான். ஒருவர் எழுந்து "விதின்னு ஒண்ணு இருந்திருந்தா அவரை எப்பவோ எடுத்திருக்கலாம்" என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், "அவருக்கு மூணு கல்யாணம் சொல்லிவிட்டேன், என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார். செயலாளர் என்பதால் விதி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

வரைவு இதுதான். ஆறு மாதத்தில் மூன்று லீவு வரை பரவாயில்லை, நாலாவதுக்கு நோட்டீஸ். ஏழே காலுக்கு மேல் வந்தால் அரை லீவு. ஒவ்வொருவரும் வாரம் ஒரு ரெஃபரலாவது கட்டாயம் தர வேண்டும். மாதம் இரண்டு உறுப்பினர்களைத் தனியாகச் சந்தித்து அவர் தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதம் ஒரு விருந்தினரை அழைத்து வர வேண்டும். வியாபாரம் முடிந்தால் தொகையைக் கூட்டத்தில் சொல்லி நன்றி சொல்ல வேண்டும்.

இப்படிக் குழுவில் இருப்பவர்கள், இருந்து வெளியே வந்தவர்கள், எதை அடிக்கலாம் எதைச் சேர்க்கலாம் என்று சொல்லுங்கள்.

டைல்ஸ்_கரூர் | வியாழன் காலை 11:20

ஏழு மணிக்கு வரச் சொல்லிப் பொங்கல் போட்டால் எட்டு மணிக்கு எவன் முழித்திருப்பான்? முதல் விதி, பொங்கலுக்குத் தடை.

மஞ்சள்மண்டி | வியாழன் மதியம் 2:05

தம்பி, நானும் ஈரோடுதான். இரண்டு குழுவில் இருந்து வெளியே வந்தவன். ஒன்றில் ஆறு வருஷம். நல்ல வியாபாரமும் வந்தது, நல்ல சண்டையும் வந்தது.

'வாரம் ஒரு ரெஃபரல் கட்டாயம்' என்ற வரியை முதலில் அடியுங்கள். அந்த விதி எங்களிடம் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸாப்பில் ஆள் ஆளுக்கு "யாருக்காச்சும் ஏதாச்சும் வேணுமா" என்று கேட்டுக்கொண்டு இருப்பார்கள். டயர் கடை வைத்திருந்த உறுப்பினரிடம் ஒருவர் பஞ்சர் ஒட்டிவிட்டு அதை ரெஃபரல் என்று ஸ்லிப்பில் எழுதினார். ஸ்டேஷனரி கடைக்காரருக்கு வாரம் நாலு ரெஃபரல். எல்லாம் பேனா வாங்கியது. வருஷக் கடைசியில் அதிக ரெஃபரல் கொடுத்தவர் என்று பஞ்சர்காரருக்குத்தான் ஷீல்டு கொடுத்தோம். நானே மேடையில் நின்று கொடுத்தேன்.

எது ரெஃபரல் என்பதை எழுதாமல் எத்தனை என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். என் அனுபவத்தில் இதில் மூணு படி உண்டு. "இந்த நம்பரைக் கூப்பிட்டுப் பாருங்க" என்பது முதல் படி. டெலிபோன் டைரக்டரியும் அதைச் செய்யும். "உங்க நம்பரை அவர்கிட்டக் கொடுத்திருக்கேன், கூப்பிடுவார்" என்பது இரண்டாவது. அவர் கூப்பிட மாட்டார். "அவருக்கு இன்ன பொருள் வேணும், உங்களைப் பத்திச் சொல்லியாச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க கூப்பிடுவீங்கன்னு எதிர்பார்த்துட்டு இருக்கார்" என்பது மூணாவது. நான் ரெஃபரல் என்று சொல்வது இது ஒன்றைத்தான். முதல் இரண்டையும் எழுதவே விடாதீர்கள்.

சும்மா உபதேசம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பங்காளி ஒருத்தர் கொடுமுடிப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். கிணற்று மோட்டார் காயில் புகைந்து, ஒரு முறை கட்டி, மறுபடியும் போய்விட்டது. புதுசு வாங்குவதாக இருக்கிறார். உங்களைப் பற்றி அவரிடம் பேசிவிட்டேன். நம்பர் தனிச்செய்தியில் இருக்கிறது. நாளைக்குக் காலையில் கூப்பிடுங்கள், தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்பார்.

பம்புசெட்_ஈரோடு | வியாழன் மதியம் 2:31

ரொம்ப நன்றிங்கய்யா! முகம் தெரியாத எனக்கு இப்படி ஒன்று தருவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கே கூப்பிடுகிறேன்.

பந்தி_கோபி | வியாழன் இரவு 9:48

நானும் கேட்டரிங்தான், அதனால் அந்த அண்ணனுக்காக நாலு வார்த்தை.

வியாழக்கிழமை முகூர்த்தம் விழுந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும். ஏழு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் மாஸ்டரை விட்டுவிட்டு நான் உங்கள் ஹாலில் வந்து நின்று 'நான் தரமான கேட்டரிங் செய்கிறேன்' என்று ஒரு நிமிஷம் பேசினால், நீங்கள் எனக்குக் கல்யாணம் சொல்லிவிடக் கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் ஒரு வாரம் விடாமல் வருவேன், கடைசி ஆளாகக் கிளம்புவேன். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் என்னைத் தேடாதீர்கள். போட்டோகிராபர், மண்டபக்காரர், மேளக்காரர், பூ அலங்காரம் எல்லோருக்கும் இதே கதைதான்.

ஆனால் ஒன்று. முகூர்த்த நாள் எல்லாம் ஜனவரி முதல் தேதியே தினசரிக் காலண்டரில் இருக்கிறது. அன்றைக்கே உட்கார்ந்து 'இந்தெந்த வியாழன் வர மாட்டேன், மாற்று ஆள் இவர்' என்று எழுதிக் கொடுக்கலாம் அல்லவா? நான் அப்படித்தான் செய்கிறேன். எனக்குப் பதில் போவது எங்கள் வீட்டம்மா. விலை பேசுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர்தான். அவர் போய் வந்த வாரங்களில் எனக்கு ரெஃபரல் கூடுதலாக வந்தது. இப்போது குழுவில் என்னையே மாற்று ஆள் என்று கிண்டல் செய்கிறார்கள்.

அந்த அண்ணன் ஏழு தடவை சொல்லாமல் நின்றிருந்தால் தப்பு அவருடையதுதான். சொல்லிவிட்டு நின்றிருந்தால் தப்பு உங்கள் விதியில்.

பம்புசெட்_ஈரோடு | வெள்ளி காலை 7:15

கோபி அண்ணா, ஐந்து தடவை சொல்லாமல், இரண்டு தடவை காலை ஆறே முக்காலுக்கு வாட்ஸாப்பில் 'இன்று முகூர்த்தம் 🙏' என்று ஒரு வரி.

மாற்று ஆள் யோசனை நல்லதுதான். ஆனால் இங்கே ஒருவர் தன் அண்ணன் மகனை அனுப்பினார். காலேஜ் பையன். ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அவன் முறை வந்தபோது "சித்தப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்றான். மூன்று வடை சாப்பிட்டான். அதை ஆஜர் என்று எழுதுவதா?

லேபிள்_திருப்பூர் | வெள்ளி காலை 11:02

எழுத வேண்டியதில்லை. மாற்று ஆள் அந்தத் தொழிலைப் பற்றி ஒரு நிமிடம் பேசவும், வரும் ரெஃபரலை எழுதி வாங்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி போதும்.

உங்கள் மூன்று லீவு கணக்கு பெரிய அமைப்புகளில் இருப்பதுதான். 1985இல் அமெரிக்காவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. என்ற ரெஃபரல் அமைப்பில் ஆறு மாதத்துக்கு மூன்று லீவு, மாற்று ஆள் வந்தால் அது லீவு இல்லை, விருந்தினர் ஒரு கிளைக்கு இரண்டு முறைக்கு மேல் வர முடியாது, முழுத் தொண்ணூறு நிமிடமும் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தொழிலுக்கு ஒருவர் என்பது அதைவிடப் பழசு. 1905இல் பால் ஹாரிஸ் சிகாகோவில் ரோட்டரியை ஆரம்பித்தபோதே அப்படித்தான். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று குறித்து வைக்கவே அங்கே ஒருவர் இருந்தார். கொஞ்ச வருடத்தில் அந்தக் கணக்கை விட்டுவிட்டுச் சேவைப் பக்கம் போனார்கள். உங்கள் சண்டை புதுசு இல்லை, சார்.

பெண் உறுப்பினர்கள் பற்றி உங்கள் வரைவில் ஒரு வரி கூட இல்லை. 31 பேரில் எத்தனை பெண்கள்? நான் லேபிள், டேக் அச்சடிக்கும் யூனிட் நடத்துகிறேன். என் மகளுக்கு ஸ்கூல் வேன் 7:40க்கு. ஏழு மணிக் கூட்டத்தில் இரண்டு வருடம் இருந்தேன் என்றால் அதற்கு என் மாமியார்தான் காரணம், குழு இல்லை. கூட்டத்தை மதியம் ஒன்றரைக்கு மாற்றச் சொன்னேன். "காலையில வந்தாத்தான் மேடம் சீரியஸ்னெஸ்" என்றார்கள். மாற்றிய இன்னொரு குழுவில் இப்போது இருக்கிறேன், அங்கே எட்டுப் பெண்கள் இருக்கிறோம்.

தனிச் சந்திப்புக்கும் இடம், நேரம் எழுதுங்கள். பகலில், அவருடைய கடையில் அல்லது நம்முடைய கடையில், இல்லையென்றால் பொது ஓட்டலில். ராத்திரி எட்டரைக்கு "ஒன்-டு-ஒன் போடலாமா" என்று மெசேஜ் வந்தால் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு, அது என் மார்க்கில் குறையக் கூடாது.

அப்புறம் அந்த வாட்ஸாப் குரூப். குட்மார்னிங் பூ, ஜாதிச் சங்க அறிவிப்பு, கட்சிப் படம் மூன்றும் வேண்டாம். கூட்டத் தகவல், கேட்கிற தேவை, அவ்வளவுதான்.

டைல்ஸ்_கரூர் | வெள்ளி மதியம் 12:10

குட்மார்னிங் பூவை நிறுத்தினால் எங்கள் குழுவில் பாதிப் பேர் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது மேடம்.

பேராவூரணி_ஹார்டுவேர் | வெள்ளி இரவு 8:30

எங்கள் பக்கம் இதைப் புரிய வைக்க ஒரே வார்த்தை போதும்: மொய்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு. ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு. ஊர், பெயர், தொகை எழுதி வாங்குவார்கள். அந்தப் பணத்தில் கடை வைப்பார்கள், போர் போடுவார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்வார்கள். பிறகு நோட்டைப் புரட்டி, எழுதியவர் விருந்து வைக்கும்போது பழைய மொய்யைத் திருப்பிப் போட்டு மேலே புது மொய்யும் போட வேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. போடாமல் விட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

உங்கள் குழுவும் இதேதான். யார் யாருக்கு எவ்வளவு என்று நோட்டு வையுங்கள். வாரா வாரம் வாசியுங்கள். விதியே தேவையில்லை, வெட்கம் போதும். எங்கள் ஹார்டுவேர் கடையே 2009 ஆடியில் வந்த மொய்யில் வைத்ததுதான்.

மஞ்சள்மண்டி | சனி காலை 6:12

பேராவூரணித் தம்பி சொன்னது ரசமாக இருக்கிறது. நோட்டு வைக்கலாம். ஆனால் மொய்க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மொய்யில் எழுதியவருக்கேதான் திருப்பிப் போட வேண்டும். இதில் அப்படி எதிர்பார்த்தால் குழு உடைந்துவிடும். பம்புசெட் தம்பிக்கு நான் மோட்டார் ஒன்று சொன்னேன். அவர் எனக்கு மஞ்சள் வாங்க ஆள் அனுப்ப முடியுமா? விரலி மஞ்சள் மூட்டைக் கணக்கில் வாங்குகிறவர் அவர் கடைக்கு எதற்கு வரப்போகிறார்? அவர் கேட்டரிங்காரருக்குச் சொல்லுவார், கேட்டரிங்காரர் மளிகைக்காரருக்குச் சொல்லுவார், மளிகைக்காரர் என்னிடம் வருவார். சுற்றி வரும். இரண்டு வருஷமும் ஆகலாம். "நான் அவனுக்கு எட்டுக் கொடுத்தேன், அவன் எனக்கு ஒண்ணுதான் கொடுத்தான்" என்று வீட்டில் கணக்குப் போடுகிறவன் ஆறாவது மாதம் நின்றுவிடுவான். நான் முதல் குழுவை விட்டது அந்தக் கணக்கால்தான். போட்டவன் நானேதான்.

தொகை வாசிப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மனை வாங்கி விற்கும் ஒருவர் எங்களிடம் இருந்தார். 42 லட்சத்துக்கு மனை முடிந்தது, 42 லட்சம் நன்றி என்று வாசித்தார். ஹாலே கை தட்டியது. அவர் கைக்கு வந்த தரகு 42,000. அதே வாரம் எலக்ட்ரீஷியன் ஒருவர் 18,000 என்று மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். நல்ல வேலை தெரிந்தவர்.

பேராவூரணி_ஹார்டுவேர் | சனி காலை 7:40

அது சரிங்கய்யா. கைக்கு வந்த பில் தொகையை மட்டும் எழுதச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தொகையே வேண்டாம், வேலை முடிந்தது என்று மட்டும்.

சோலார்_நாமக்கல் | ஞாயிறு மாலை 5:18

புதுசாகத் தொழில் தொடங்கியவன் கேட்கிறேன். போன வாரம் ஒரு குழுவுக்கு விருந்தினராகப் போயிருந்தேன். ஒரு நிமிஷம் பேசச் சொன்னார்கள். "வீடு, தோட்டம், பேக்டரி, யாருக்கு வேணும்னாலும் சோலார் போடுவோம்" என்றேன். ஒருவர்கூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து, உங்கள் தொழிலுக்கு ஒரே இடம்தான், இன்றைக்கு விட்டால் வேறு ஆள் வந்துவிடுவார், இப்போதே கார்டு ஸ்வைப் செய்யுங்கள் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று ஓடி வந்துவிட்டேன். சேரலாமா?

இன்னொரு சந்தேகம். தோட்டத்துக்கு சோலார் பம்பும் போடுகிறேன். பம்புசெட் அண்ணா இருக்கும் குழுவில் என்னைச் சேர்ப்பீர்களா?

லேபிள்_திருப்பூர் | ஞாயிறு மாலை 6:00

அவசரப்படுத்தினால் சேராதீர்கள் தம்பி. அங்கே உங்களுக்கு முன்னால் சோலார் இடத்தில் யாராவது இருந்தார்களா, ஏன் போனார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் போனவரிடமே பேசுங்கள். இரண்டாம் வருடம் புதுப்பித்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். புது ஆள் சேர்த்தே வண்டி ஓட்டும் குழு என்றால் அதிலேயே தெரிந்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில் 'யாருக்கு வேணும்னாலும்' என்று சொன்னால் யார் முகமும் யாருக்கும் ஞாபகம் வராது. 'கோழிப்பண்ணை வைத்திருப்பவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் முப்பதாயிரம் தாண்டியவர்' என்று சொல்லிப் பாருங்கள். நாமக்கல்லில் பத்துப் பேருக்குத் தங்கள் சித்தப்பா நினைவுக்கு வருவார்.

பம்புசெட்_ஈரோடு | ஞாயிறு இரவு 10:22

சோலார் தம்பியின் இரண்டாவது கேள்வி என்னை இடித்துவிட்டது. நேர்மையாகச் சொல்கிறேன். படித்தவுடன் என் மனதில் வந்த பதில் 'சேர்க்க மாட்டோம்'. பி.எம். குசும் மானியத்தில் சோலார் பம்பு வந்ததிலிருந்து என்னிடம் வந்து கொண்டிருந்த நாலைந்து விவசாயிகள் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள்.

ஆனால் போன மாதம் இதே மாதிரி ஒரு பஞ்சாயத்தில் நானே வேறு தீர்ப்புச் சொன்னேன். எங்கள் குழுவில் போட்டோகிராபர் ஒருவர் ஆல்பம் பிரிண்ட் போட மிஷின் வாங்கி, அதோடு ஃப்ளெக்ஸ் பேனரும் அடிக்க ஆரம்பித்தார். பேனர் அடிக்கும் உறுப்பினர் கொதித்துப் போனார். 'சேரும்போது எந்தத் தொழிலை எழுதிக் கொடுத்தீங்களோ அதை மட்டும்தான் இங்கே பேசணும், மத்ததை வெளியில செய்யுங்க, குழுவுக்குள்ள கேட்கக் கூடாது' என்று சொல்லி முடித்து வைத்தேன். அந்தத் தீர்ப்புப்படி பார்த்தால் சோலார் தம்பி கூரை சோலார் என்று எழுதிக் கொடுத்தால் சேர்த்துத்தான் ஆக வேண்டும். பேனர்காரர் ஏன் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஆடிட்டர்_சேலம் | திங்கள் காலை 9:35

இரண்டு மூன்று விஷயம் யாரும் தொடவில்லை.

முதலில் பணம். சந்தா யார் கணக்கில் வாங்குகிறீர்கள்? பொருளாளரின் சொந்த ஜிபேயில் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். 31 பேர் ஆளுக்கு 12,000 என்றால் 3,72,000. டிபன் பணமும் சேர்ந்தால் வருடத்தில் ஆறு லட்சத்தைத் தாண்டும். அவர் சேவிங்ஸ் கணக்கில் அது வந்து போனால், கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். சங்கமாகப் பதிவு செய்து, பான் வாங்கி, இரண்டு பேர் கையெழுத்தில் கணக்கு தொடங்குங்கள். நம் ஆட்களிடமே வாங்கும் சந்தாவுக்கு ஜி.எஸ்.டி. ஏது என்பார்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தில் வந்த திருத்தம் சங்கமும் உறுப்பினரும் வேறு வேறு ஆட்கள் என்கிறது. உங்களுக்கு 20 லட்சத்துக்குள் இருப்பதால் இப்போதைக்குப் பதிவு தேவைப்படாது.

இரண்டாவது கமிஷன். ரெஃபரலுக்குக் கமிஷன் உண்டா இல்லையா என்று வரைவில் ஒரு வார்த்தை இல்லை. இல்லை என்று எழுதுவதே நல்லது. கமிஷன் வாங்குகிறவர் நல்ல ஆளைச் சொல்ல மாட்டார், நிறையத் தருகிற ஆளைத்தான் சொல்வார். வெளியே தனியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றால் பில் போட்டு வாங்கட்டும். வருடத்தில் 20,000 தாண்டினால், முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடிக்கு மேல் உள்ள வியாபாரி 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, யாரைச் சேர்ப்பது என்பது. நோயாளியை அனுப்பியதற்கு டாக்டர் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே தடை. வக்கீல்கள் வழக்குக் கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது. இணையதளங்கள் வழியாக வக்கீல்கள் வேலை தேடுவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகவே கண்டித்தது. பட்டயக் கணக்காளர்களான எங்களுக்கும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே கட்டுப்பாடு. எங்களை எல்லாம் ஒரு நாள் பேச அழையுங்கள், வருகிறோம். வாரம் எத்தனை கிளையன்ட் கொடுத்தீர்கள் என்று போர்டில் எழுதாதீர்கள்.

கடைசியாக, பணம் போட்டால் பணம் வரும் என்பவர்கள். சீட்டுக் கம்பெனி என்றால் 1982 சட்டப்படி பதிவு எண் கேளுங்கள். ஆள் சேர்த்தால் பணம் என்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

மஞ்சள்மண்டி | திங்கள் காலை 10:50

ஆடிட்டர் அம்மா கடைசியில் சொன்னதை எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிப் பண்ணைகள் வரிசையாக விழுந்தபோது பணத்தை இழந்தவர்கள் எல்லோரும் டி.வி. விளம்பரம் பார்த்து மட்டும் போட்டவர்கள் இல்லை. சம்பந்தி போட்டார், மண்டியில் பக்கத்துக் கடைக்காரர் போட்டார், மாதா மாதம் பணம் வருகிறது என்று அவர் செக்கைக் காட்டினார். அதைப் பார்த்துப் போட்டவர்கள் நிறைய. தெரிந்தவர் சொன்னார் என்பதுதான் ரெஃபரல் குழுவின் முதலீடு. அதே முதலீட்டில்தான் அந்தப் பறவையும் வளர்ந்தது.

பந்தி_கோபி | திங்கள் இரவு 11:05

அந்த வருஷம் கல்யாணப் பந்தியில் ஈமு பிரியாணி போடச் சொல்லிக் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். கறி வேகவே வேகாது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பேச வந்தது வேறு. பம்புசெட் தம்பி முதல் பதிவில் எழுதியதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம். 'மூணு கல்யாணம் சொல்லிவிட்டேன், என்ன ஆச்சுன்னு தெரியல' என்று ஒருவர் சொன்னாரே. எனக்கு உறைத்தது அதுதான். ஏழு லீவைக்கூட மன்னித்துவிடலாம். நான் ஒருவருக்குக் கல்யாணம் சொல்லிவிட்டு, மண்டபத்தில் பெண் வீட்டாரைப் பார்க்கும்போது, அவர்கள் முகம் சிரிக்குமா கோணுமா என்று தெரியாமல் நிற்பது இருக்கிறதே, அது பெரிய கஷ்டம். ஒருமுறை அப்படி நின்றேன். நான் சொல்லி அனுப்பிய மேடை அலங்காரக்காரர் முன்பணம் வாங்கிவிட்டு வேறு பெரிய வேலைக்குப் போய்விட்டார். அவர்கள் என்னிடம் வந்து கேட்டபோதுதான் எனக்கே தெரியும். முன்பணத்தை நான் கொடுத்தேன்.

பம்புசெட்_ஈரோடு | வியாழன் மதியம் 1:40 (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையில் விதிகள் நிறைவேறின. இரண்டு கூட்டம் முழுக்க இதிலேயே போனது, இன்று எட்டரைக்கு முடியாமல் ஒன்பதே கால் ஆகிவிட்டது. விதியை நாங்களே மீறித்தான் விதி போட்டோம்.

லீவு ஆறு மாதத்துக்கு மூன்றுதான். முகூர்த்தம் சார்ந்த தொழில்காரர்கள் ஆறு மாதத்துக்கான தேதிகளை முன்கூட்டியே எழுதித் தந்து, பேசத் தெரிந்த மாற்று ஆளை அனுப்பினால் அது லீவு இல்லை. சொல்லாமல் வராதவர் அன்றைய 180ஐக் கட்டிவிட வேண்டும். வாரம் ஒரு ரெஃபரல் என்பதை அடித்துவிட்டோம். மூன்றாவது படி மட்டும்தான் ரெஃபரல், மஞ்சள்மண்டி ஐயாவின் வார்த்தைகளை அப்படியே எழுதியிருக்கிறோம். தொகை வாசிப்பது கிடையாது. கமிஷன் கிடையாது. வங்கிக் கணக்குக்கு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, பொருளாளருக்குத்தான் ரொம்ப நிம்மதி. கூட்டத்தைக் காலையிலிருந்து மாற்றுவது மட்டும் 17க்கு 12 என்று தோற்றுவிட்டது, லேபிள் மேடம் மன்னிக்க வேண்டும். எங்களிடம் இருப்பது நாலே பெண்கள், நாலு பேரும் மாற்றத்தான் கை தூக்கினார்கள். அதனால் ஒரு வருடம் கழித்து மறுபடியும் எடுக்கிறோம். கூரை சோலாருக்கு இடம் திறந்திருக்கிறது.

கேட்டரிங்காரர் வந்திருந்தார். நீக்கவில்லை. கோபி அண்ணா சொன்னதை வைத்து ஒரு விதி சேர்த்தோம், அதிகம் பேசப்பட்டதும் அதுதான்: ரெஃபரல் வாங்கியவர் ஏழு நாளுக்குள், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கொடுத்தவரைக் கூப்பிட்டு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை தவறினால் அவருக்கு மூன்று மாதம் ரெஃபரல் கிடையாது. அந்த அண்ணனே எழுந்து, மூன்று கல்யாணத்தில் இரண்டு முடிந்தது, ஒன்று விலை படியவில்லை என்று எல்லோர் முன்பும் சொன்னார். சொல்லிவிட்டு, "இதைச் சொல்லணும்னே எனக்குத் தோணலைங்க" என்றார்.

டைல்ஸ்_கரூர் | வியாழன் மதியம் 1:58

பொங்கல்?

பம்புசெட்_ஈரோடு | வியாழன் மதியம் 2:01

இட்லியாக மாறியிருக்கிறது. ஏகமனதாக.

மஞ்சள்மண்டி | வியாழன் மாலை 4:20

எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. அந்த ஏழு நாள் விதி ரொம்பப் பிடித்தது.

கொடுமுடி மோட்டார் என்ன ஆச்சு?

பம்புசெட்_ஈரோடு | வியாழன் மாலை 4:23

ஐயா... போன சனிக்கு முந்தின சனிக்கிழமையே இறக்கியாச்சு. 7.5 எச்.பி., ஸ்டார்ட்டரும் சேர்த்து மாத்திட்டோம். தண்ணி நல்லா வருதுன்னு அவங்களே போன் பண்ணிச் சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்லணும்னு...

இப்பவே கூப்பிடறேனுங்க.